வேங்கையின் மூன்று விரல்கள்

காசு கொடுத்துப் படம் பார்ப்பவனைப் பார்த்திருக்கிறோம். காசு கொடுத்து மொட்டை போட்டுக்கொள்பவனையும் பார்த்திருக்கிறோம். மாதாமாதம் காசு கட்டிப் பயந்துவிட்டு வருகிறவனை, மாசானத்துக்கு முன்னால் தொழிற்சாலைகள் நிறைந்த வல்லம் வடகாலில் யாரும் பார்த்ததில்லை. அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த வனமாமலைக்கு இதைச் சொல்லிச் சொல்லி மாளவில்லை.

"ஏல, உன் பேரே மாசானம். சுடுகாட்டுச் சாமி பேரை வச்சிக்கிட்டு, சேலத்துல இருக்க ஒரு அம்மாவுக்குப் பணம் அனுப்பி, பேயைக் காட்டுங்க, பேயைக் காட்டுங்கன்னு கேக்கியே. வெக்கமா இல்லையால?"

"பேயைக் காட்டச் சொல்லல. அந்தக் கதைக்குள்ள நானும் ஒரு ஆளு. அம்புட்டுத்தான்."

"நம்ம கதையே நாறிக் கெடக்கு. இதுல இன்னொரு கதையா?"

வனமாமலைக்கு நாங்குநேரி. மாசானத்துக்கு அங்கிருந்து கொஞ்சம் மேற்கே களக்காட்டுப் பக்கம். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள். கார் உதிரிபாகம் செய்யும் ஒரே தொழிற்சாலையில் காண்ட்ராக்டில் சேர்ந்து, கிளியம்மாள் வீட்டு மாடியறையில் பாய் விரித்தவர்கள். சண்டை போட்டால் ஒரு வேளைக்குமேல் தாங்காத சிநேகம்.

மாசானத்தின் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் உண்டு. நடுவில் இருக்க வேண்டிய மூன்றையும் நான்காம் நம்பர் பிரஸ் வாங்கிக்கொண்டது.

பிரஸ் என்றால் வேறொன்றுமில்லை, ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும் இரும்புச் சுத்தி. கீழே இருக்கும் அச்சின்மேல் தகட்டை வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால் மேலேயிருந்து இரும்பு விழும். தகடு வளைந்து பாகமாகும். இரும்பு மேலே போனதும் கையை உள்ளே விட்டு அதை எடுத்துப் போட வேண்டும். இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது கை எப்படி மாட்டும் என்று கேட்டால், நியாயமான கேள்விதான். உள்ளே கிளட்ச் தேய்ந்துபோன பிரஸ், ஒருமுறை விழுந்து எழுந்த பிறகு, யாரும் தொடாமலே இன்னொருமுறை விழும். டபுள் அடிக்குது என்பார்கள். பாகத்தை எடுக்கப் போன கை அப்போது உள்ளே இருக்கும்.

மாசானத்தின் கை போன நாளுக்கு முந்தைய நாளே அது ஒருமுறை டபுள் அடித்தது. அவன் பார்த்தான். மறுநாள் காலை ஷிப்ட் ஆரம்பிக்கும் முன் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து, சூப்பர்வைசர் சாம்சன் வழக்கம்போல் கேட்டார், ஏதாவது பிரச்சனை உண்டா என்று. வரிசை முழுவதும் வழக்கம்போல் "இல்ல சார்" என்றது. அந்தப் பதிலை யாரும் யோசித்துச் சொல்வதில்லை. கோயிலில் மணி அடித்தால் கை தானாகக் கன்னத்துக்குப் போகிற மாதிரி வாய் தானாகச் சொல்லும். ஆமாம் என்று ஒருவன் சொன்னால் மெஷின் நிற்கும், டார்கெட் விழும், அத்தனை பேர் முகமும் அவன் பக்கம் திரும்பும். மாசானமும் கூட்டத்தோடு "இல்ல சார்" என்றான். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் விரல்கள் போய்விட்டன.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அப்புறம் அந்தப் பிரஸ்ஸுக்குப் புது கிளட்ச் போட்டார்கள், மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள், பக்கத்துச் சுவரில் பாதுகாப்பைப் பற்றி ஒரு பலகை மாட்டினார்கள். மாசானத்தை, பாகங்களை வெறுமனே பார்த்துக் குறை சொல்லும் இன்ஸ்பெக்ஷன் மேஜைக்கு மாற்றினார்கள். நான்காம் நம்பருக்கு வனமாமலை வந்தான்.

விரல் போனால் என்னென்ன போகும் என்று விரல் உள்ளவர்களுக்குத் தெரியாது. சோறு பிசைய முடியாது. கரண்டியால் சாப்பிடுவான், மெஸ்ஸில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து. சம்பளம் எடுக்கப் போனாலும், முடி வெட்டப் போனாலும், வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள்ளேயே இருக்கும். ஊரில் பெண் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மெல்லப் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். ராத்திரியில் பையன்களோடு சேர்ந்து போனில் ஆடும் சுடுகிற ஆட்டத்தில் அவன் முன்பு பெரிய கை. இப்போது அவனால் குழு தோற்றது. முகம் தெரியாத பொடியன்கள் எல்லாம் திட்டினார்கள். அதையும் அழித்துப்போட்டான்.

அப்புறம் காதுதான் மிச்சம். இன்ஸ்பெக்ஷன் மேஜையில் போன் கூடாது, பஸ்ஸில் தடையில்லை. போக வர, சேலத்திலிருந்து இசைவாணி என்பவள் குரலில் சொல்லும் பேய்க்கதைகளைக் கேட்பான். ஒருநாள் கதை முடிவில் அவள் ஒரு அறிவிப்புச் செய்தாள். ஆட்கள் சேர்ந்து ஆடும் கதை ஒன்று தொடங்கப் போகிறேன், மாதக் கட்டணம் உண்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனில் கூடுவோம். நான் ஒரு இடத்தைச் சொல்வேன், அங்கே நீங்கள் யார், என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் சொல்ல வேண்டும், நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். பகடையை உருட்டுவதும் போனில் ஒரு தட்டுதான். மற்றதெல்லாம் வாய்.

விரல் வேண்டாத விளையாட்டு என்பதுதான் மாசானத்தை இழுத்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று யார் அவனுக்குச் சொன்னார்களோ, பணத்தைக் கட்டிவிட்டான்.

அவனோடு இரண்டு பேர் சேர்ந்தார்கள். ரகு திருச்சியில் வங்கியில் வேலை பார்ப்பவன். கவியா மதுரையில் படிக்கும் பெண். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, குரல் மட்டும்தான். முதல் ஞாயிறு கதை தொடங்கவில்லை. இசைவாணி அன்றைக்கு வேறொன்று கேட்டாள்.

"இது திகில் கதை. உங்களைப் பயமுறுத்தத்தான் பணம் வாங்கறேன். ஆனா காயப்படுத்த இல்ல. அதனால கதையில எது வரவே கூடாதுன்னு ஒவ்வொருத்தரும் சொல்லிடுங்க. காரணம் கேக்க மாட்டேன். நடுவுல தாங்கலைன்னாலும் 'நிறுத்து'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நிறுத்திடுவேன்."

குழந்தைகள் சாகக் கூடாது என்றாள் கவியா. பாம்பு வேண்டாம் என்றான் ரகு, சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தான்.

"மாசானம், உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல மேடம். எல்லாம் ஓகே."

அவள் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. காலையில் வரிசையில் நின்று சொல்லும் அதே வேகம், அதே தொனி. தன்னை ஒருத்தி உண்மையிலேயே கேட்கிறாள் என்பதே அவனுக்கு உறைக்கவில்லை.

கதையில் யாராக இருக்க விரும்புகிறீர்கள் என்று கேட்டபோது மட்டும் யோசித்தான். ரகு வாள்வீரன், கவியா மந்திரக்காரி. மாசானம் வில்லாளி ஆனான். பெயர் வேங்கை. வில்லின் நாணை இழுப்பது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மோதிர விரலும். அவனுக்கு இல்லாத அதே மூன்று. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. வனமாமலையிடமும் சொல்லவில்லை.

கதை நடந்த இடம் ஏரிக்கு அடியில் மூழ்கிக் கிடந்த ஒரு கோட்டை. ஏரி வற்றியதும் சேற்றோடு மேலே வந்தது. உள்ளே செத்தவர்கள் நடமாடினார்கள். அவர்கள் கடிக்க வரவில்லை, துரத்தவும் இல்லை. உயிரோடு இருப்பவர்களிடம் தணிந்த குரலில் ஏதாவது ஒன்றைக் கடன் கேட்டார்கள். ஒருவனுக்கு நிழல் வேண்டும். ஒருத்திக்குப் பெயர் வேண்டும், தன் பெயர் தண்ணீரில் கரைந்துவிட்டதாம். இசைவாணி அதைச் சொல்லும்போது மூன்று பேரும் மூச்சுவிட மறந்தார்கள். கட்டிய காசு வீண் போகவில்லை.

ஞாயிறு மத்தியானம் கிளியம்மாள் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில், மாசானம் வேங்கையாக இருந்தான். தூரத்தில் தொழிற்சாலைக் கூரைகள் வெயிலில் வெளுத்துக் கிடக்கும். அவன் கண் அங்கே இருக்காது.

"ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். மூணையும் நாண்ல போடுதேன் மேடம். மெதுவா இழுக்கேன். கை கன்னத்துல வந்து படுது. விடுதேன்."

"அண்ணா, நீங்க வில்வித்தை கத்துக்கிட்டவரா?" என்று கவியா ஒருநாள் கேட்டாள்.

"இல்லம்மா. சும்மா."

சொல்லும்போது அந்த மூன்று விரலும் அவனுக்கு இருந்தன. நாண் அழுத்துவதும், விட்டதும் நுனியில் எரிவதும் தெரிந்தன. அதற்காகத்தான் அவன் வாரம் முழுக்க இன்ஸ்பெக்ஷன் மேஜையில் காத்துக்கிடந்தான். அந்த மொட்டைமாடி தவிர அவன் முழு ஆளாக இருந்த இடம் உலகத்தில் வேறு இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் ஒரு சனிக்கிழமை, ஷிப்ட் முடிந்து வந்த வனமாமலை குழாயடியில் கை கழுவிக்கொண்டே சொன்னான்.

"நாலாம் நம்பர் இன்னைக்கு ஒரு தடவை டபுள் அடிச்சுதுல."

மாசானம் துணி மடித்துக்கொண்டிருந்தான். கை நின்றுவிட்டது. புதுசாகப் போட்ட கிளட்ச்சும் தேய்ந்துவிட்டது போல.

"சாம்சன் சார்ட்ட சொன்னியா?"

"உனக்கென்ன கோட்டி புடிச்சிருக்கா? அடுத்த வாரம் பெர்மனென்ட்டுக்குப் பேரு எடுக்காங்க. இப்பப் போயி மெஷின் கோளாறுன்னா, மெஷினை நிறுத்திட்டு என்னைய பேக்கிங்ல தூக்கிப் போட்டுருவாங்க. பேக்கிங்ல கெடக்கவனை எவன் பெர்மனென்ட் ஆக்குவான்? பேரு வந்ததும் நானே சொல்லிருதேன்."

"அதுவரைக்கும்?"

"பாத்து எடுத்துக்கிடுவேன். நீ வாயைத் தொறக்கக் கூடாது, கேட்டியா. சரின்னு சொல்லு."

பாத்து எடுத்துக்கிடுவேன் என்று மாசானமும் ஒருநாள் நினைத்தவன்தான். அதைச் சொல்ல வாய் வரவில்லை. வனமாமலை துண்டால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு பதிலுக்கு நின்றான்.

"சரில" என்றான் மாசானம். திங்கட்கிழமை காலை ஷிப்ட் வரைக்கும் நான்காம் நம்பர் ஓடாது. அது ஒன்றுதான் ஆறுதல்.

மறுநாள் ஞாயிறு. கதையில் மூன்று பேரும் கோட்டையின் கடைசிக் கதவுக்கு வந்திருந்தார்கள். கதவில் பூட்டு இல்லை. நடுவில் இரும்பால் செய்த ஒரு வாய் திறந்திருந்தது, அதற்குள்ளே ஒரு கல்விளக்கு எரிந்தது. அந்த விளக்கை எடுத்தால் கதவு திறக்கும் என்று செத்தவர்களில் ஒருத்தி சொல்லியிருந்தாள். ரகுவின் வாள்வீரன் சோதித்துப் பார்க்கப் பக்கத்தில் இருந்த நெம்புகோலை அழுத்தினான்.

"வாய் மூடித் திறக்குது" என்றாள் இசைவாணி. அதற்கென்று ஒரு சத்தத்தைச் சேர்த்து வைத்திருந்தாள். இரும்பின்மேல் இரும்பு விழும் சத்தம். "நீங்க திரும்பறதுக்குள்ள, நெம்புகோலை யாரும் தொடல, இன்னொரு தடவை மூடித் திறக்குது." மறுபடியும் அந்தச் சத்தம்.

தொட்டி நிழலில் இருந்த மாசானத்துக்கு உடம்பு குப்பென்று வியர்த்தது. அந்தச் சத்தத்தை அவள் எங்கிருந்து எடுத்தாளோ, அதே இரும்பு, அதே இடைவெளி. இரண்டாம் முறை விழுந்ததை இசைவாணி ஒரு குறிப்பாகத்தான் போட்டிருந்தாள். யாராவது கவனித்தால் தப்பிக்கட்டும் என்று. கவனித்தவன் அவன் ஒருவன். சொல்ல வேண்டும் என்று நினைத்தான். வரிசையில் நிற்பவனைப் போல வாயை மூடிக்கொண்டான்.

"வேங்கைக்குத்தான் கை வேகம். வேங்கை எடுக்கட்டும்" என்றான் ரகு.

"சரி" என்றான் மாசானம்.

பகடையைத் தட்டினான். விழுந்த எண் போதவில்லை.

ஆடுகிறவனுக்கு எது உயிரோ அதில்தான் திகில் கதைக்காரி கை வைப்பாள். அது அவள் தொழில். வாராவாரம் அந்த மூன்று விரலைப் பற்றி அவளிடம் சொல்லிச் சொல்லி மனதில் பதித்தவன் அவனேதான். அவள் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். வேங்கையின் கை உள்ளே போகிறது. விளக்கின் சூடு படுகிறது. வாய் மூடுகிறது. சத்தம் கேட்டது. வலது கையில் நடுவே இருந்த மூன்று விரலும் உள்ளேயே தங்கிவிட்டன.



"பயங்கரமா இருந்துச்சு மேடம்" என்றான் ரகு. அப்புறம் அக்கறையாகத்தான் சொன்னான்: "அண்ணா, விரல் இல்லாம வில்லாளி இனிமே கஷ்டம். நீங்க புதுசா ஒரு ஆளை எடுத்துக்கங்க. வேங்கையை வாசல்ல காவலுக்கு உக்கார வச்சிடலாம்."

அவன்மேல் தப்பே இல்லை. இன்ஸ்பெக்ஷன் மேஜைக்கு மாற்றியவர்கள்மேலும் தப்பில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

"வேங்கை இப்ப என்ன செய்யறான்?" என்று இசைவாணி கேட்டாள். ஒவ்வொரு கட்டத்திலும் அவள் கேட்கும் கேள்விதான் அது.

"வேங்கைக்கு வலிக்கல மேடம்" என்றான் மாசானம். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "முதல்ல வலிக்காது. சூடா இருக்கும், அவ்வளவுதான். சத்தத்தைக் கேட்டுட்டு யாருக்கோ என்னமோ ஆயிட்டுன்னு அவனே சுத்திப் பாப்பான். எல்லார் மூஞ்சியும் அவனையே பாக்கும். அப்பத்தான் தெரியும், நமக்குத்தான்னு. மெஷினை நிறுத்துங்கன்னு எவனோ கத்துவான். கையுறையோட அது உள்ள இருக்கும் மேடம். கையுறையை எடுத்துக் குடுங்க, அதுல விரல் இருக்கு, ஐஸ்ல போட்டாச் சேத்துருவாங்கன்னு அவன் சொல்லுவான். சொன்னதுல பாதி வெளிய வராது. அப்புறம் ரொம்ப நாளைக்கு, இல்லாத விரலு அரிக்கும். சொறிய எடம் இருக்காது."

கோட்டையில் மெஷின் எதுவும் இல்லை. வேங்கை கையுறை போட்டவனும் இல்லை. அதை யாரும் சுட்டிக்காட்டவில்லை. கவியாவின் பக்கமிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"நிறுத்து" என்றாள் இசைவாணி. அந்த ஆட்டத்தில் அந்த வார்த்தையை முதலில் சொன்னது ஆட்டத்தை நடத்துகிறவளே. "கதையை நிறுத்திட்டேன். மாசானம், நான் முதல் நாளே கேட்டேனே. ஏங்க சொல்லல?"



"தினமும் காலையில ஷிப்ட்டுல கேப்பாங்க மேடம், பிரச்சனை இருக்கான்னு. இல்லைன்னுதான் சொல்லிப் பழக்கம். நீங்க நெசமாக் கேக்கீங்கன்னு தெரியல."

"இப்ப நிஜமாத்தான் கேக்கறேன். என்ன வேண்டாம் உங்களுக்கு?"

"அந்தச் சத்தம் வேண்டாம் மேடம்." சொல்லிவிட்டு மூச்சு வாங்கினான். "சத்தம் மட்டும் வேண்டாம்."

"சரி. இனிமே வராது" என்றாள். "இது கதைதானே, திருப்பி எடுத்துக்கலாம். வேங்கை கையை உள்ளே விடறதுக்கு முன்னாடி போயிடலாமா? பகடையை மறுபடி உருட்டுங்க."

வேங்கைக்கு விரல் திரும்பி வரும். மாசானத்துக்கு அந்த ஆசை தொண்டைவரை வந்தது. ஆனால் அவன் கேட்டது வேறு.

"திருப்புறதா இருந்தா அங்க வேண்டாம் மேடம். அதுக்கும் முந்தி. அது ரெண்டாவது தடவை தானா விழுந்துச்சே, அங்க திருப்புங்க."

"சரி. இப்ப கதவு முன்னாடி நிக்கறீங்க. வாய் ஒரு தடவை மூடித் திறந்தது. யாரும் தொடாம இன்னொரு தடவை மூடித் திறக்குது. வேங்கை என்ன செய்யறான்?"

மாசானம் எழுந்து நின்றான்.

"நில்லுங்க!" அந்தத் தெருவுக்கே கேட்டது. "எவனும் கையை உள்ள விடாதீங்க. இது டபுள் அடிக்குது."

துவைத்த துணியைக் காயப்போட மாடிப்படி ஏறி வந்த கிளியம்மாள் வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாபா, என்னியா நிக்க சொன்ன?"

"இல்லக்கா. நீங்க வாங்க" என்றான் மாசானம். முகத்தைத் துடைத்துக்கொள்ள எடுத்தது வலது கை. அதை அவள் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தாள். கொடிப் பக்கம் போனாள்.

வேங்கை அந்தக் கதவுக்குள் கையை விடவில்லை. ரகுவின் வீரன் வாளால் விளக்கைத் தள்ளி எடுத்தான். வாளின் முனையை வாய் கடித்துத் துப்பியது. கதை நகர்ந்தது.

திங்கட்கிழமை காலை பிரஸ் ஷாப்பில் வரிசை நின்றது. முன் வரிசையில் வனமாமலை, கடைசி வரிசையில் பாக்கெட்டுக்குள் கையோடு மாசானம். சாம்சன் சார் வல்லம் ஊர்க்காரர். கெட்டவர் இல்லை, அவருக்கும் மேலே கேட்க ஆள் உண்டு.

"இன்னாபா, எல்லாம் ஓகேவா? மெஷின்ல எதுனா ப்ராப்ளம் கீதா?"

"இல்ல சார்" என்றது வரிசை.

வரிசை கலையத் தொடங்கியது. மாசானம் கையைத் தூக்கினான். எந்தக் கையைத் தூக்குகிறோம் என்று அவன் யோசிக்கவில்லை. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் உள்ள கை எல்லோர் தலைக்கும் மேலே நின்றது. கலைந்தவர்கள் நின்றார்கள்.

"இன்ஸ்பெக்ஷன்ல இன்னாபா ப்ராப்ளம்?" என்றார் சாம்சன்.

"எனக்கு இல்ல சார். நாலாம் நம்பர் டபுள் அடிக்குது."

வனமாமலை திரும்பிப் பார்த்தான். அப்படி ஒரு பார்வையை அவனிடமிருந்து மாசானம் அதுவரை வாங்கியதில்லை.

"அப்படில்லாம் ஒண்ணுமில்ல சார். நல்லாத்தான் ஓடுது" என்றான் வனமாமலை. "அவன் மெஷின் பக்கமே வாறதில்ல. அவனுக்கு எப்படித் தெரியும்?"

சாம்சன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"தகடு வைக்காமச் சும்மா ஓட்டிப் பாருங்க சார்" என்றான் மாசானம். கை இன்னும் மேலேயே இருந்தது. "யாரும் கையை வைக்க வேண்டாம். அடிக்கலைன்னா நான் வேலையை விட்டே போயிருதேன்."

அவர் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"ஓட்டு" என்றார் வனமாமலையிடம்.

வனமாமலை பட்டன்களை அழுத்தினான். இரும்பு விழுந்தது, எழுந்தது, நின்றது. மறுபடி அழுத்தினான். விழுந்தது, எழுந்தது, நின்றது. இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஒருவன் கொட்டாவி விட்டான். "டார்கெட்டுக்கு நீ பதில் சொல்லுவியாபா?" என்று சாம்சன் மாசானத்தைக் கேட்டார்.  அடிக்காமல் இருந்துவிட்டால் சிநேகிதனும் போச்சு, வேலையும் போச்சு. அடித்தால் சிநேகிதன் மட்டும் போவான். எப்படியோ அடித்துவிடு என்று ஒரு இரும்பிடம் அவன் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

வனமாமலை அழுத்தினான். இரும்பு விழுந்தது, எழுந்தது. அவன் கைகளைப் பட்டனிலிருந்து எடுத்து, பழக்க தோஷத்தில், இல்லாத பாகத்தை எடுப்பதற்காக வலது கையை முன்னால் நீட்டினான்.

"நில்லுல" என்றான் மாசானம்.

நீட்டிய கை பாதியில் நின்றது. யாரும் தொடாமல் இரும்பு இன்னொருமுறை விழுந்தது.

 வனமாமலை நீட்டிய கையை எடுக்காமலே அச்சைப் பார்த்துக்கொண்டு நின்றான். சாம்சன் தானே போய் மெயின் சுவிட்சை அணைத்தார். மெயின்டனன்ஸ் ஆள் வந்து, ஓட்டக் கூடாது என்ற சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டான். வேலைக்குப் போங்கப்பா என்றார் சாம்சன்.

நல்லது செய்தவனுக்கு மாலை போடுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான்காம் நம்பர் அந்த வாரம் முழுக்கப் பிரித்துக் கிடந்தது. வனமாமலையை பேக்கிங்குக்கு அனுப்பினார்கள். பெர்மனென்ட்டுக்கு எடுத்த பெயர்களில் அவன் பெயர் இல்லை. அறையில் அவன் பாயை எதிர்ச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டான். பேச்சு இல்லை. ஒரு வேளைக்குமேல் தாங்காத சண்டை என்றேனே, இது தாங்கியது. மாசானம் அதற்காக அழவும் செய்தான், குளிக்கும்போது.

அந்த வார முடிவில், சாயங்காலம் மெஸ்ஸில் கூட்டம். வனமாமலை நடு மேஜையில் உட்கார்ந்திருந்தான். மாசானம் வழக்கமாகச் சுவரைப் பார்த்து உட்காரும் நாற்காலியில் உட்காரப் போனவன், அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டான். இடது கையில் கரண்டி. வலது கையை மேஜைமேல் வைத்திருந்தான்.

வனமாமலைக்குத் தட்டில் சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. அவன் சோற்றைக் குழித்தான், சாம்பாரை அணைத்தான், பிசைந்தான். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். மாசானம் தன் தட்டை மறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

வனமாமலை நிமிர்ந்தான்.

"என்னல பாக்க?"

அந்த வாரம் மாசானத்திடம் அவன் பேசிய முதல் பேச்சு அது. கோபமாகத்தான் கேட்டான்.

"ஒண்ணுமில்லல" என்றான் மாசானம். அவன் வாயிலிருந்து அந்தச் சொல் முதல்முறையாக உண்மையாக வந்தது.

வனமாமலை கொஞ்ச நேரம் அவனையே பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான். குனிந்து, பிசைந்த சோற்றை உருட்டிச் சாப்பிட ஆரம்பித்தான்.